தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் பொது இடத்தில் மரம் வளர்க்க: தண்ணீர்க் கணக்கில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மரம் நட ஆள் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐம்பது பேர் வந்துவிடுவார்கள். அடுத்த மார்ச் மாதம் அதே கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு பேர் கிடைப்பதுதான் கஷ்டம். சாலை அகலப்படுத்தலில் போன பழைய புளியமரங்களுக்கு ஈடு செய்ய வேண்டுமானால், எத்தனை நட்டோம் என்பதை விட்டுவிட்டு, இரண்டு கோடை கடந்து எத்தனை நிற்கும் என்று பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் தெருக்குழு, பள்ளி, இளைஞர் மன்றம், குடியிருப்போர் சங்கம் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் தண்ணீர், பிறகு எண்ணிக்கை

நம் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. கடலோர மாவட்டங்களைப் போல வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிய ஊர்கள் இல்லை இவை. தென்மேற்குப் பருவத்தின் பின்பாதியும் நமக்கு நன்றாகவே பெய்யும். செப்டம்பரும் அக்டோபரும்தான் மழை அதிகமுள்ள மாதங்கள். நவம்பர் முடிந்தால் அதன்பிறகு மே மாதக் கோடை மழை வரை நீங்கள் ஊற்றினால்தான் உண்டு. ஏறக்குறைய ஆறு மாதம்.

நட்ட கன்றுக்கு முதல் ஆண்டில் ஆகும் தண்ணீர்:

நட்டவுடன் 20 லிட்டர். அடுத்த இரண்டு வாரம் மழை இல்லாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர்.
டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாரம் இருமுறை 15 லிட்டர்.
மார்ச் முதல் மே வரை வாரம் இருமுறை 20 லிட்டர். தார்ச்சாலையை ஒட்டிய கன்றுக்கு 25.

இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை 30 முதல் 40 லிட்டர் போதும். மூன்றாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 50 லிட்டர். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் வேர் ஆழம் தேடிப் போகும். ஆண்டுக்கு ஆண்டு முறையைக் குறைத்து அளவைக் கூட்டுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது டேங்கர் கணக்குக்கு வருவோம். டிராக்டர் டேங்கர் ஒன்று 5,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹோஸ் மாற்றும்போதும் பாத்தி வழிந்தும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிவிடும். மிச்சம் 4,000 லிட்டர், அதாவது ஒரு நடைக்கு 200 கன்று. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதத்தில் 13 வாரம், வாரம் இரண்டு நடை என்றால் 26 நடை. உங்கள் ஊரில் ஒரு நடைக்கு என்ன வாடகை என்று கேட்டு 26-ஆல் பெருக்குங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் அதே 26 நடைதான், தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைவு. அந்தப் பணம் கையில் இருக்கிறதா, அல்லது நகராட்சி டேங்கரை எழுத்துமூலமாக ஒப்புக்கொண்டிருக்கிறார்களா? இல்லை என்றால் 200-ஐ 60 ஆக்குங்கள், 30 ஆக்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 30 கன்று நட்டு 27 நின்றால் அது ஒரு தெரு முழுக்க நிழல்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு கன்றுக்கு வண்டி நகர்த்தி, ஹோஸ் பிடித்து, பாத்தி நிறைய ஒன்றரை நிமிடமாவது ஆகும். 200 கன்றுக்கு ஐந்து மணி நேரம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினாலும் பதினொன்று ஆகிவிடும், அதற்குள் போக்குவரத்து கூடிவிடும். 100 கன்றுக்கு மேல் என்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டங்களில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. ஃப்ளோரைடு சிக்கலுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மண்மேல் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும், இலை நுனி காயும். வேறு வழி இல்லையென்றால் மாதம் ஒருமுறை வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்கு ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள். கன்றுகளையும் புங்கன், வேம்பு, பூவரசு, புளி என்று தாங்கும் இனமாகவே எடுங்கள்.

இடம் யாருடையது?

நகரத்தில் ஒரே சாலையில் நான்கு துறை இருக்கும். தெருவும் பூங்காவும் நகராட்சி. ஓசூர் என்றால் 2019 முதல் மாநகராட்சி. பென்னாகரம் சாலை, ராயக்கோட்டை சாலை போன்ற பெருஞ்சாலைகளின் ஓரம் மாநில நெடுஞ்சாலைத் துறை. சேலம், பெங்களூரு போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நீங்களாக எதையும் நட முடியாது. ஏரி என்றால் நீர்வளத் துறை, சிறிய ஏரி குளம் உள்ளாட்சி அமைப்பு, புறம்போக்கு நிலம் வருவாய்த் துறை. யார் இடம் என்று தெரியாமல் நட்டால், கால்வாய் கட்ட வரும் ஜேசிபி முதல் நாளே பிடுங்கிப் போடும். கேட்க உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். எந்தத் தெரு, எந்த வீட்டு எண்ணிலிருந்து எதுவரை, எத்தனை கன்று, என்ன இனம், கன்றுக்குக் கன்று எத்தனை அடி, மூன்று ஆண்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள். இதோடு கையால் வரைந்த ஒரு வரைபடம். அதில் மின்கம்பம், குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை மூடி, கேபிள் போகும் பக்கம் எல்லாவற்றையும் குறியுங்கள். அந்த வார்டில் குழாய் திறந்துவிடும் பணியாளரிடம் கேட்டால் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். நகராட்சி ஆணையாளரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவது பற்றிய கேள்வி வந்தால் அது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போக வேண்டும். வெட்டுவதற்கு ஈடாக நட வேண்டிய கன்றுகளையும் அங்கேயே நிபந்தனையாகப் போடுவார்கள். அந்த ஈட்டுக் கன்றுகளை உங்கள் பகுதியில் நடச் சொல்லிக் கேட்கலாம். இடமும் பராமரிப்பு ஆளும் தயார் என்று எழுதிக் கொடுக்கும் குழுவுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

எந்த மரம்?

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதன் பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் முன்பைவிட எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் கிடைப்பதையெல்லாம் தெருவில் வைக்க முடியாது.

மின்கம்பி மேலே போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். கம்பிக்குக் கீழே 15 அடிக்கு மேல் வளரும் எதுவும் வேண்டாம். மின்வாரியம் ஆண்டுதோறும் நடுவில் மொட்டையடிக்கும், மரம் ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும், கடைசியில் புயல் காற்றில் விழுந்து பழி மரத்தின்மேல் வரும். அந்தப் பக்கத்துக்கு உயரம் போகாத வெள்ளை மந்தாரை, பவழமல்லி. கம்பி இல்லாத எதிர்ப்பக்கத்துக்குப் பெரிய மரம்.

அகலமான தெருவுக்குப் புங்கனைப் போல இன்னொன்று இல்லை. வறட்சி தாங்கும், உப்புத் தண்ணீர் தாங்கும், ஆடு அவ்வளவாகக் கடிக்காது, நிழல் அடர்த்தி. இரண்டு புங்கனுக்கு நடுவே 18 முதல் 20 அடி. வேம்புக்கு 25 முதல் 30 அடி. ஆனால் வேம்பை மட்டுமே வரிசையாக வைக்காதீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து வேம்பின் கொழுந்தைக் கருக்கிவிடுகின்றன. தெரு முழுக்க ஒரே இனம் என்றால் ஒரே பருவத்தில் தெருவே காய்ந்து நிற்கும். எந்த ஒரு இனமும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகிழம் அழகான மரம், வேர் கட்டடத்தைத் தொந்தரவு செய்யாது. வளர்ச்சி மட்டும் மெதுவு. பொறுமையுள்ள தெருவுக்கு வையுங்கள். சரக்கொன்றை ஏப்ரல், மே மாதத்தில் பூத்து நிற்கும்போது தெருவுக்கே கொண்டாட்டம். பூங்கா, பள்ளி, சந்தைத் திடல் போன்ற விரிந்த இடங்களுக்கு நாவல், இலுப்பை, புளி, வாகை. நாவல் பழம் தார்ச்சாலையில் விழுந்தால் இருசக்கர வண்டி வழுக்கும், அதனால் சாலைக்கு வேண்டாம். ஆல், அரசு, அத்தி மூன்றும் பறவைகளுக்குச் சோறு போடும் மரங்கள். சுற்றிலும் 50 அடி வெற்றிடம் உள்ள இடம் கிடைத்தால் கட்டாயம் ஒன்று வையுங்கள், வீட்டுச் சுவரோரம் மட்டும் வைக்காதீர்கள்.

ஓசூர் பக்கம் உயரம் 900 மீட்டருக்கு அருகில். வெயில் கொஞ்சம் தணிவு, கோடை மழையும் கைகொடுக்கும். அங்கே மகிழமும் நாவலும் தருமபுரியைவிடச் சுலபமாகப் பிடிக்கும்.

தவிர்க்க வேண்டியவை: கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு அலங்கார மரம் எந்த வடிவத்திலும் வேண்டாம். குஜராத் 2023-இல் தடை செய்தது, தமிழ்நாடும் பிறகு அதே முடிவுக்கு வந்தது. தூங்குமூஞ்சி வேகமாக நிழல் தரும், ஆனால் கிளை முறியும். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஆகாது. செம்மயிற்கொன்றைக்கு வேர் மேலோட்டம், பலத்த காற்றில் அடியோடு சாயும். ஏழிலைப்பாலை பூக்கும் காலத்தில் இரவு வாசனை பலருக்குத் தலைவலி. ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுப் பிறகு வெட்டச் சொல்லிப் புகார் வருவது வழக்கமாகிவிட்டது.

கன்று பொறுக்குதல்

தெருவுக்கு ஒன்றரை அடிக் கன்று உதவாது. 5 முதல் 6 அடி உயரம், அடித்தண்டு கட்டைவிரல் கனம். முட்டுக்குச்சியை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள், தானாக நிமிர்ந்து நிற்க வேண்டும். குச்சி எடுத்ததும் வளைந்து தொங்கினால் அது நிழலில் நெருக்கி வளர்த்த கன்று, ஆடிக் காற்றுக்குத் தாங்காது. பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டை வழியே விரல்கனத்தில் வேர் வெளியேறித் தரைக்குள் போயிருந்தால், பையைத் தூக்கும்போதே பாதி வேர் அறுந்துவிடும். பிளேடால் ஒரு பையை ஓரமாகக் கீறிப் பார்க்க நாற்றங்காலில் அனுமதி கேளுங்கள். வேர் பைக்குள் வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். நட்டு நாலு வருடம் நன்றாக இருந்து ஐந்தாம் வருடம் காரணமே தெரியாமல் சாயும் மரங்களில் பல இப்படிச் சுற்றிய வேரால் தன்னைத்தானே நெரித்துக்கொண்டவை.

நிழல்வலைக்குக் கீழே இருந்த கன்றை நேரே தார்ச்சாலை வெயிலில் வைக்கக் கூடாது. வாங்கி வந்து இரண்டு மூன்று வாரம் திறந்த வெயிலில் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பழக்குங்கள். முதல் வாரம் சில இலை கருகும், பரவாயில்லை.

குழி

செம்மண் ஆழமாக உள்ள இடத்தில் 2 அடிக்கு 2 அடி, 2 அடி ஆழம் போதும். ஆனால் நம் ஊர்களில் கால் மண், முக்கால் சரளையும் பாறையும். சாலையோரம் என்றால் கட்டட இடிபாடு, ஜல்லி, பழைய தார் எல்லாம் கிடக்கும். அங்கெல்லாம் 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம். இடிபாட்டை முழுவதும் வெளியேற்றுங்கள். சிமெண்டுத் தூள் கலந்த மண்ணில் கன்று மஞ்சளடித்தே நிற்கும்.

குழி வெட்டியதும் ஒரு சோதனை. நிறையத் தண்ணீர் விட்டு மறுநாள் பாருங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் தேங்கி நின்றால் கீழே பாறைத் தட்டு. கடப்பாரையால் அந்தத் தட்டை உடைக்க முடிந்தால் உடையுங்கள், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். பாறைக் கிண்ணத்தில் வைத்த கன்று மழைக்காலத்தில் அழுகும், கோடையில் காயும். இரண்டு முறை சாக அதற்கு வாய்ப்பு.

டிராக்டரில் மாட்டும் துளைக்கருவியால் போட்ட உருண்டைக் குழி வேகமாக முடியும். ஆனால் ஈரமான களிமண்ணில் அதன் சுவர் வழவழவென்று பூசினாற்போல் ஆகிவிடும், வேர் ஊடுருவாது. கடப்பாரையால் சுற்றுச்சுவரில் பத்துப் பதினைந்து இடத்தில் கொத்திவிடுங்கள்.

குழியை ஒரு மாதம் முன்பே வெட்டி வெயிலில் ஆறவிடச் சொல்வார்கள். பள்ளி வளாகத்திலும் தோட்டத்திலும் அப்படியே செய்யுங்கள். தெருவில் செய்யாதீர்கள். மூன்றடிக் குழியில் குழந்தையும் விழும், இரவில் வண்டியும் இறங்கும். தெருக்குழியை வெட்டிய இரண்டு நாளுக்குள் நட்டு மூடிவிட வேண்டும். அதுவரை முள்ளும் சிவப்பு நாடாவும் கட்டி வையுங்கள்.

ஒரு மூன்றடிக் குழிக்கு:

தோண்டிய மேல்மண் முழுவதும். குறைந்தால் வெளியிலிருந்து செம்மண். ஏரி வண்டல் கிடைத்தால் நான்கில் ஒரு பங்கு. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும்.
நன்றாக மட்கிய தொழுவுரம் இரண்டு பாண்டு, ஏறக்குறைய 15 கிலோ.
வேப்பம்புண்ணாக்கு 500 கிராம், கறையானுக்காக.
4 அங்குல பிவிசி குழாய் இரண்டரை அடித் துண்டு ஒன்று.

தொழுவுரம் நிறையப் போட்டால் நல்லது என்று நினைத்துக் குழியைப் பாதி உரத்தால் நிரப்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. உரம் மட்கி அமுங்கும்போது கன்றும் கூடவே அரையடி கீழே இறங்கி, தண்டு மண்ணில் புதைந்து, பட்டை அழுகும். மட்காத சாணம் இன்னும் மோசம். சூடு வேரைச் சுடும், கறையானையும் கூப்பிடும். உரத்தை மேல் ஒன்றரை அடி மண்ணில் மட்டும் கலந்தால் போதும்.

குழாய்த் துண்டின் கீழ்ப்பாதியில் அரை அங்குல ஓட்டைகள் போட்டு, தண்டிலிருந்து ஓரடி தள்ளி நேராக நிறுத்துங்கள். தலை தரைக்கு மேல் இரண்டு அங்குலம். உள்ளே ஜல்லி நிரப்புங்கள், வெறும் குழாயாக விட்டால் ஒரே வாரத்தில் டீக்கப்பும் பிளாஸ்டிக் உறையும் அடைத்துக்கொள்ளும். ஊற்றும் தண்ணீரில் பாதி இதன் வழியாக இரண்டடி ஆழத்துக்குப் போகும். நடைபாதைக் கல் பதித்த தெருக்களில் இந்த ஒரு குழாய்தான் கன்றைக் காப்பாற்றும்.

நடும் நாள்

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நல்ல மழை பெய்து மண் ஓரடி நனைந்த பிறகு, மாலை நான்கு மணிக்கு மேல் நடுங்கள். ஜூன், ஜூலையில் நடும் ஆசை வரும். ஆடிக் காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், மழையும் நிச்சயமில்லை.

1. ஒரு மணி நேரம் முன்பே பையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காய்ந்த மண் கட்டி பையைக் கிழித்ததும் உதிர்ந்து, மெல்லிய வேரெல்லாம் அறும்.

2. குழியைப் பாதி நிரப்பி மிதித்து, கன்றை வைத்துப் பாருங்கள். பையில் மண்மட்டம் எங்கே இருந்ததோ அதுதான் இங்கும் மண்மட்டம். தண்டில் ஓர் அங்குலம்கூடக் கூடுதலாகப் புதையக் கூடாது.

3. பையைப் பிளேடால் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் கை கொடுத்து இறக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் சுருண்டிருக்கும் வேரை ஓர் அங்குலம் வெட்டிவிடுங்கள். பையோடு நடப்பட்ட கன்றுகள் இன்றும் கிடைக்கின்றன. கூட்டம் அதிகமாக இருக்கும் நிகழ்ச்சிகளில், ஒவ்வொரு குழிக்கும் கிழித்த பையைத் திரும்ப வாங்கி எண்ணுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். கன்றும் பையும் ஒரே எண்ணிக்கையில் வர வேண்டும்.

4. மண்ணை நிரப்பிக் குதிகாலால் லேசாக அமுக்குங்கள். சுற்றி மூன்றடி விட்டத்தில், தரையைவிட நான்கு அங்குலம் தாழ்வாகப் பாத்தி. சாலை மட்டத்துக்கு மேலே மேடாக நட்டால் தண்ணீரெல்லாம் சாக்கடைக்குத்தான் போகும்.

5. இருபது லிட்டர் ஊற்றுங்கள். மண் இறங்கும் இடத்தில் மறுபடி மண் போடுங்கள்.

6. தண்டுக்கு இரண்டு பக்கமும் ஓரடி தள்ளி மூங்கில் குச்சி அடித்து, தேங்காய்நார்க் கயிற்றால் எட்டுப் போலச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியும் நைலானும் பட்டையை அறுக்கும். குச்சியின் அடியில் தார் தடவினால் கறையான் ஏறாது. குச்சி ஒரு வருடத்துக்கு மேல் வேண்டாம். ஆடி அசைந்தால்தான் தண்டு கனக்கும்.

7. மூடாக்கு நான்கு அங்குலக் கனம். கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், மாந்தோப்புச் சருகு, கரும்புச் சோகை எதுவானாலும் சரி. தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புங்கள்.

கூண்டு

ஆடு பின்னங்காலில் நின்று எட்டினால் ஐந்தடி வரை மேயும். அதனால் கூண்டு ஆறடி இருக்க வேண்டும். வெல்டு மெஷ் ஆறடி உயரத்தில், ஆறரை அடி நீளம் வெட்டி வளைத்தால் இரண்டடி விட்டம் வரும். மூன்று இரும்புக் கோணத்தை ஓரடி ஆழம் அடித்து அதில் கட்டுங்கள். நான்கு அங்குலச் சதுரத்துக்குப் பெரிய கண்ணி வேண்டாம், வாயை நுழைத்துக் கொழுந்தைப் பிடித்துவிடும். பணம் குறைவு என்றால் மூங்கில் தட்டி. ஊருக்கு வெளியே இலந்தை முள்ளோ சீமைக் கருவேல முள்ளோ சுற்றிக் கட்டினாலும் ஒரு வருடம் தாங்கும். பச்சை வலை மட்டும் சுற்றுவது ஆட்டுக்குத் தடையே இல்லை, காற்றில் கிழிந்து கன்றைச் சுற்றிக்கொள்ளும்.

ஏரிக்கரையும் பனையும்

ராமக்கால் ஏரி, அன்னசாகரம் ஏரி போன்ற இடங்களில் வேலை செய்யும்போது மண்கரையின் உச்சியிலும் உட்சரிவிலும் பெரிய மரம் நடாதீர்கள். மரம் விழுந்தாலோ பட்டு வேர் மக்கினாலோ கரைக்குள் ஓட்டை விழும், அதன் வழியே தண்ணீர் கசியும். மதகு, கலிங்கல் (உபரிநீர் வழியும் இடம்) இரண்டிலிருந்தும் 30 அடி விலக வேண்டும். கரையின் வெளி அடிவாரத்துக்கு 10 அடி தள்ளி நீர்மருது, நாவல், புங்கன்.

கரைக்கு ஏற்றது பனை. இதற்குக் கன்று, குழி, டேங்கர் எதுவும் வேண்டாம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பழுத்து விழும் பழத்திலிருந்து கொட்டையை எடுத்து, பத்தடிக்கு ஒன்று, முக்கால் அடி ஆழத்தில் மழைக்காலத்திலேயே புதையுங்கள். பிறகு பல மாதம் மேலே எதுவும் தெரியாது. கொட்டை முதலில் கீழ்நோக்கி ஒரு தண்டை இரண்டு மூன்றடி ஆழம் இறக்கி, அதன் நுனியிலிருந்துதான் கிழங்கும் குருத்தும் விடும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்ப்பதும், முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதும் அதைக் கொன்றுவிடும். புதைத்த இடத்தில் கல்லில் சுண்ணாம்பு அடித்துக் குறியிட்டு விட்டுவிடுங்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாகவே புதையுங்கள், எல்லாம் முளைக்காது.

மியாவாக்கி எப்போது?

சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடும் முறை இது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் பெயரில் வழங்குகிறது. நிலம் முழுவதையும் மூன்றடி தோண்டி உரம் கலக்க வேண்டும், இரண்டு ஆண்டு தினமும் பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும். சுற்றுச்சுவரும் போரும் உள்ள பள்ளி, அரசு வளாகத்துக்குப் பொருந்தும். பாறைத் தரையில் செலவு எகிறும். நிழலில் நடக்கத் தெருவுக்கு மரம் வேண்டும் என்றால் இது அதற்கான வழி இல்லை.

என்ன தவறும், எப்படிக் கண்டுபிடிப்பது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலை ஏழு மணிக்கே வாடி நின்றால் அன்றைக்கே தண்ணீர். தண்ணீர் ஊற்றியும் அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தால் கையால் அரையடி தோண்டிப் பாருங்கள். சொதசொதவென்று நாற்றமடித்தால் நீர் தேங்குகிறது, ஊற்றுவதை நிறுத்துங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் புங்கனும் வேம்பும் இலை கொட்டும். பட்டுப்போனதாக நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே கீறுங்கள். அடிவரை காய்ந்திருந்தால்தான் முடிந்தது. நடுத்தண்டில் பச்சை இருந்தால் அதற்கு மேலே வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும்.

சாறுறிஞ்சும் பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வளர்ச்சி மந்தம் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா.

பூச்சியைவிட மனிதர் கையால் போகும் கன்றுதான் அதிகம். மார்ச் மாதத்தில் குப்பையோடு ஓரப் புல்லைக் கொளுத்துவார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரியிலேயே, கன்றைச் சுற்றி ஐந்தடிக்குப் புல்லைச் செதுக்கி விடுங்கள். துப்புரவுப் பணியாளர்களிடம் நேரில் பேசி, எந்தெந்தக் கன்று என்று காட்டுங்கள். சொன்னால் கேட்பவர்கள் அவர்கள். டீக்கடைச் சூடான தண்ணீர், பஜ்ஜி எண்ணெய், கூண்டில் கட்டும் பேனர், கேபிள் பள்ளம் இவையெல்லாம் தினமும் அந்தப் பக்கம் போகும் ஒருவர் கண்ணில் பட்டால்தான் நிற்கும். கடைக்காரர் ஒருவருக்கு மூன்று கன்று என்று பொறுப்புக் கொடுங்கள். தன் கடை வாசலில் நிழல் விழப்போகும் மரத்தை அவர் விடமாட்டார்.

நடைபாதைக் கல் பதிக்கும் வேலை வந்தால் ஒப்பந்தக்காரர் வருவதற்கு முன்பே நகராட்சிப் பொறியாளரைப் பாருங்கள். தண்டைச் சுற்றிக் குறைந்தது நான்கடிக்கு நான்கடி மண் திறந்திருக்க வேண்டும். 2013-இல் டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் காங்கிரீட்டை அகற்றச் சொன்னது. அதை விண்ணப்பத்தில் எடுத்துக்காட்டலாம். தண்டு வரை காங்கிரீட் போட்டுவிட்ட பழைய மரங்களையும் இந்தச் சாக்கில் திறந்துவிடச் சொல்லுங்கள். புதிதாக நடும் பத்துக் கன்றைவிட அந்த ஒரு பழைய வேம்பு இன்றைக்கே நிழல் தருகிறது.

பதிவேடும் பின்வேலையும்

ஒவ்வொரு கூண்டிலும் தகட்டில் எண் எழுதுங்கள். ஒரு நோட்டில் எண், இனம், நட்ட தேதி, பொறுப்பாளர். மாதம் ஒருமுறை நடந்து பார்த்து நன்று, சுமார், பட்டது என்று குறியுங்கள். பட்டதற்குக் காரணம் ஒரு வரி எழுதுங்கள். ஆடு, தீ, தண்ணீர், வண்டி இடித்தது என்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் தெருவுக்கு எது எதிரி என்று அந்த வரிகளே சொல்லும். ஆடு என்றே ஏழெட்டு வரி இருந்தால் அடுத்த செலவு கூண்டுக்கு, கன்றுக்கு அல்ல. பட்ட இடத்தில் கோடையில் மறுநடவு செய்யாதீர்கள், அடுத்த ஆகஸ்டு வரை காத்திருங்கள்.

முதல் இரண்டு ஆண்டு அடிக்கிளைகளை மொத்தமாகக் கழிக்க வேண்டாம். அந்த இலைதான் தண்டைக் கனக்க வைக்கிறது. உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஆண்டுதோறும் சுத்தம் செய்யுங்கள். நடைபாதைப் பக்கம் எட்டடி, லாரி போகும் பக்கம் பதினைந்தடி வரை கிளை இல்லாமல் கொண்டுவர ஐந்தாறு ஆண்டு ஆகும். கனமான கிளையை வெட்டும்போது முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுங்கள், கடைசியில் மிஞ்சிய அடிக்கட்டையைச் சீராக்குங்கள். நேராக மேலிருந்து வெட்டினால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

தண்டு மணிக்கட்டுக் கனத்தைத் தாண்டி, கொழுந்து ஆட்டுக்கு எட்டாத உயரம் போனதும், மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் கூண்டைக் கழற்றுங்கள். இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்று விட்டால் மெஷ் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும், பிறகு கட்டரால்தான் எடுக்க முடியும். துருப்பிடித்த அடிக்கம்பியை வெட்டி நீக்கி, பெயின்ட் அடித்து அடுத்த வரிசைக்கு எடுத்துக்கொள்ளலாம். நல்ல மெஷ் இரண்டு தலைமுறைக் கன்றுக்குத் தாங்கும்.